துண்டு நிலத்துக்கு ஒரு துண்டு

1

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மகள் என்னை ‘மேடம்’ என்று கூப்பிட்டு ஒரு கூட்டத்திலிருந்து வெளியே அனுப்பினாள். ஒரு வாரமாகியும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. என் கணவரிடம் சொன்னால் சிரிக்கிறார். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கனடாவில், பெரிய நகரம் எதற்கும் பக்கத்தில் இல்லாத ஒரு சின்ன ஊரில். தமிழ்க் குடும்பம் என்று பார்த்தால் நாங்களும், இரண்டு தெரு தள்ளி இருக்கும் மதுரைக்காரி சுகந்தியின் வீடும்தான். என் மகள் ஷீபா கல்லூரியில் முதல் வருடம் முடித்துவிட்டு, கோடை விடுமுறைக்கு இந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஜெராக்ஸ் எடுப்பது, கவுன்சில் கூட்டத்தில் தண்ணீர் வைப்பது, குறிப்பெடுப்பது. அன்றைக்கு இன்ஹேலரைச் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு இழுப்பு வந்து வருடக்கணக்காகிறது. இருந்தாலும் அந்த நீலக் குழாய் மேஜையில் தனியாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டும். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒருவர் எழுந்து தன் வீட்டு வாசலில் பனியைச் சரியாக அள்ளுவதில்லை என்று புகார் சொன்னார். வெளியே நல்ல வெயில். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு மேயரம்மா ஒரு தாளைப் பார்த்து ஏதோ வாசித்தார். நிலம், பேச்சுவார்த்தை, மூடிய அமர்வு என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. உடனே, ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதுபோல, முன்னால் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வெளியே போனார்கள். காப்பிக்கு விட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அப்போதுதான் ஷீபா என்னை நோக்கி வந்தாள். நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த கோட்டு. குனிந்து, மிகவும் மரியாதையாக, ஆங்கிலத்தில் சொன்னாள்: “மன்னிக்கணும் மேடம். பொதுமக்கள் எல்லாரும் வெளியே போகணும்.”

பத்து மாதம் சுமந்த நான் பொதுமக்கள்.

“ஷீபா, நான்தான்” என்று தமிழில் சொன்னேன்.

“தெரியுது மேடம்” என்று அவளும் தமிழிலேயே சொன்னாள்.

இன்ஹேலரை அவள் கையில் திணித்துவிட்டு வெளியே வந்தேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. கனமான கதவு. அடியில் ரப்பர் பட்டை. ஃப்ரிட்ஜ் மூடுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். நடைவழியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்கிற பாவனையில் கதவோரம் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தேன். ஒன்றுமே கேட்கவில்லை.

இதுதான் என்னை உலுக்கிவிட்டது. நான் தாம்பரம் பக்கத்திலிருந்து வந்தவள். பூட்டிய அறைக்குள் நடக்கும் நிலப் பேச்சுவார்த்தை எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

2

எண்பத்தேழோ எண்பத்தெட்டோ, பதினோரு பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் மனைப்பிரிவு. என் கணவர் தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து பீச் ஸ்டேஷன் போகிறவர். நான் சேலையூரில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. கடன் வாங்கி, நகை வைத்து, நாலு பக்கமும் தவளை கத்துகிற இடத்தில் வீடு கட்டிக் குடிபோயிருந்தோம்.

மனை வாங்கும்போது எங்களுக்குக் காட்டிய புளூ பிரிண்டில் எங்கள் தெரு முனையில் முப்பதடிச் சாலை இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஓர் எருமை இருந்தது.

எருமை தனக்கோட்டியம்மாவுடையது. நிலமும் அவருடையதுதான். மனை போட்டவர் அவரைக் கேட்காமலேயே அவர் நிலத்தின் குறுக்கே ஸ்கேல் வைத்துச் சாலை வரைந்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு, வேறு ஊரில் மனை போடப் போய்விட்டார். தனக்கோட்டியம்மா அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். அம்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் இருந்தபோதே வயல்களையெல்லாம் விற்றாகிவிட்டது. மிஞ்சியது இந்தத் துண்டு நிலம். அதன் குறுக்கே கருங்கல் தூண்கள் நட்டு வைத்திருந்தார். ஆள் நுழையலாம், சைக்கிள் நுழையலாம், ஆட்டோ நுழைய முடியாது.

“நடந்து போறவங்கள நான் தடுக்கல டீச்சர்” என்றார் என்னிடம். “வண்டி ஒரு தபா போச்சுன்னா நெலம் ரோடாயிடும். அப்பால யார் கைல போயி நான் கேக்கறது?”

நியாயம்தான். எனக்கு என் நியாயம். ஷீபாவுக்கு அப்போது ஏழு வயது. இழுப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் தாம்பரத்திலிருந்த டாக்டரிடம் ஓட வேண்டும். ஆட்டோக்காரர் கல்லோடு நின்றுவிடுவார். அங்கே வரைக்கும் சேற்றில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்போதெல்லாம் எனக்கு வேறு ஆசையே கிடையாது. ஆட்டோ என் வீட்டு வாசலுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் ஷீபாவைத் தூக்கிக்கொண்டு தடுமாறி வருவதைப் பார்த்தால் தனக்கோட்டியம்மா எங்கிருந்தாலும் ஓடி வருவார். “குடு இப்டி. நீ நடந்து போயி சேர்றதுக்குள்ள டாக்டர் கடைய சாத்திகினு போயிடுவாரு” என்று பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வரப்பு தாண்டுகிறமாதிரி நாலே எட்டில் தாண்டி ஆட்டோவில் உட்கார்த்திவிடுவார். கல்லை எடுக்க மாட்டார், குழந்தையைத் தூக்குவார். மூச்சிரைப்பு நின்றதும் ஷீபா என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, “எருமை அத்தை எங்க?”

3

கடைசியில் பஞ்சாயத்தே அந்த நிலத்தை விலைக்கு வாங்கிச் சாலை போடுவது என்று முடிவாயிற்று. தலைவர் ஏகாம்பரம் நல்ல மனிதர். செங்கல் சூளை வைத்திருந்தவர். சூளையின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியிலிருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. மெதுவாகப் பேசுவது அவருக்குத் தெரியாத பாஷை. நிர்வாக அதிகாரி, அதாவது எல்லோருக்கும் ஈ.ஓ. சார், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர். எதற்கும் விதி என்ன என்று பார்ப்பவர்.

அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்று கவுன்சிலர்கள் முதலில் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டும், அது விற்கிறவர் காதுக்குப் போகக் கூடாது, ஆகவே கூட்டம் ‘இன் கேமரா’வாக நடக்கும் என்று ஈ.ஓ. சார் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் அறிவிப்புப் பலகையிலும் எழுதிப்போட்டுவிட்டார்.

எங்கள் தெரு ஆண்கள் எல்லாம் பகலில் ரயிலில் இருப்பார்கள். எனக்குப் பள்ளி விடுமுறை. ஆகவே குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் நான் போனேன், ஷீபாவையும் இழுத்துக்கொண்டு.

அலுவலக வாசலில் ஸ்டுடியோக்காரர் முக்காலி விரித்துக் கேமராவை ஏற்றிக்கொண்டிருந்தார். கவுன்சிலர்கள் எல்லாம் கஞ்சி போட்ட வேட்டியில், பவுடர் பூசிய முகத்தோடு வரிசையாக நின்றார்கள். தனக்கோட்டியம்மா பட்டுப்புடவை கட்டி, தலை கொள்ளாத மல்லிகைப்பூவோடு வந்திருந்தார். எருமையும் வந்திருந்தது. குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்தார்.

“நெலத்த போட்டோ புடிக்கறாங்கன்னு சொன்னாங்க” என்றார். “நெலத்த இங்க இட்டாற முடியுமா? அதான் அதும்மேல நிக்கறத இட்டாந்தேன்.”

ஈ.ஓ. சார் உள்ளேயிருந்து வந்து பார்த்தார். வெளுத்துப்போனார்.

“போட்டோகிராபரை யார் வரச் சொன்னது?”

“நீங்கதான சார் போர்டுல எழுதுனீங்க, கேமரான்னு” என்றார் தலைவர்.

“இன் கேமரான்னா கேமரா கிடையாது சார்.”

“கெடையாதுன்னா அப்பறம் ஏன் சார் எழுதுனீங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆங்கில டீச்சர் இருக்கும்போது என்ன கவலை. நான் பள்ளியில் சொல்வதுபோலவே சொன்னேன்: அது ஆங்கிலமே இல்லை, லத்தீன். கேமரா என்றால் லத்தீனில் அறை. யாருக்கும் தெரியாமல் அறைக்குள் நடப்பது.

“அறையா?” என்றார் தனக்கோட்டியம்மா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. “யாரு யார அறையறது?”

வந்ததற்குக் கூலி வாங்காமல் ஸ்டுடியோக்காரர் நகர்வதாக இல்லை. ஆகவே எல்லோருமாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம். ரகசியக் கூட்டத்தின் நினைவாக எடுத்த குரூப் போட்டோ உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். இங்கே எங்கள் ஆல்பத்தில் இருக்கிறது. ஓரத்தில் ஈ.ஓ. சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். முன்வரிசையில் ஷீபா எருமையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எருமை மட்டும் நேராகக் கேமராவைப் பார்க்கிறது.

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

4

செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் நான் ஷீபாவிடம் சாதாரணமாகக் கேட்டேன். “உள்ளே என்ன பேசினாங்க?”

“சொல்ல முடியாதும்மா. கான்ஃபிடென்ஷியல்.”

“நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?”

“சுகந்தி ஆன்ட்டிகிட்ட” என்றாள், ரசத்தைக் கலந்தபடி.

அது உண்மைதான். சுகந்தியின் கணவர் மளிகைக்கடை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பழைய சலவைக் கடைக்குப் பின்னாலிருக்கும் காலி மனையை நகராட்சி வாங்கப்போகிறது என்று ஒரு பேச்சு. ஷீபா கூட்டத்தில் இருந்தாள் என்று தெரிந்ததிலிருந்து சுகந்தியின் போன் ஓயவில்லை. “பெத்த பொண்ணுதானக்கா. ஒரு வார்த்தை கேட்டா சொல்ல மாட்டாளா?”

“கான்ஃபிடென்ஷியலுக்கு தமிழ்ல என்னம்மா?” என்று ஷீபா கேட்டாள். ரகசியம் என்றேன். சொல்லிவிட்டு யோசித்தேன், அது சரியில்லை. நம் பக்கம் ரகசியம் என்றால் எல்லோரிடமும் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டிய விஷயம். யாரிடமும் சொல்லாமலே வைத்திருக்கும் விஷயத்துக்கு எங்கள் தெருவில் பெயர் தேவைப்பட்டதே இல்லை.

பிள்ளைகள் இங்கே கொஞ்சம் கொஞ்சமாக நம்மிடமிருந்து நகர்வதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஷீபா முதலில் பின்னல் வேண்டாம் என்றாள். பிறகு மத்தியானம் சோறு வேண்டாம் என்றாள். பிறகு நான் போனில் ஆங்கிலம் பேசும்போது பக்கத்து அறைக்குப் போய்விட ஆரம்பித்தாள். அதெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது, ஆகவே நான் நகத்தைக் கடித்துக்கொண்டாவது பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவளுக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. முதல் தடவை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணமே எவ்வளவு அசட்டுத்தனம் என்று ராத்திரி படுத்தபிறகு தோன்றியது. அப்புறம் எங்கே தூக்கம்?

5

எங்கள் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரே ஒரு கூடம்தான். நடுவில் பிளைவுட் தடுப்பு வைத்து, அந்தப் பக்கத்தைத் தலைவர் அறை ஆக்கியிருந்தார்கள். இருந்ததோ ஒரே மின்விசிறி. இரண்டு பக்கத்துக்கும் காற்று வர வேண்டும் என்பதற்காகத் தடுப்பை முக்கால் உயரத்தோடு நிறுத்திவிட்டார்கள். காற்றோடு பேச்சும் தாராளமாக வந்தது.

இரண்டாவது கூட்டம் அங்கேதான். உள்ளே தலைவரும் ஈ.ஓ. சாரும் கவுன்சிலர்களும். கதவை ஈ.ஓ. சாரே வந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வெளியே பெஞ்சில் நானும் ஷீபாவும், கூப்பிட்டால் உள்ளே போவதற்காகத் தனக்கோட்டியம்மாவும், வேறு வேலையாக வந்து இதைக் கேட்டு உட்கார்ந்துவிட்ட சிலரும். தனக்கோட்டியம்மா மடியில் வேர்க்கடலையைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார். ஷீபாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

ஈ.ஓ. சார் கிசுகிசுத்தது எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் கடமை தவறாதவர். ஆனால் தலைவர் பதில் சொன்னது கேட்டது.

“இன்னா சார் சொல்றீங்க, அதுக்கு மேல போனா நம்ம பஞ்சாயத்து தாங்காதா?”

தொகையையும் சேர்த்தே சொன்னார். தனக்கோட்டியம்மா தலையாட்டிக்கொண்டே கடலை உரித்தார். கூப்பிட்டதும் உள்ளே போனார். உடனே திரும்பி வந்தார்.

“எவ்வளவு கேட்டீங்க?” என்றேன்.

“அவங்க மனசுல வெச்சுகினு இருந்தாங்க இல்ல, அதுக்கு மேல கொஞ்சம்.”

தடுப்புக்கு மேலே ஈ.ஓ. சாரின் குரல் முதல்முறையாகக் கேட்டது. “அதெப்படி சார் அந்தம்மாவுக்குச் சரியாத் தெரியுது?”

“அதான் எனக்கும் புரியல சார்” என்றார் தலைவர். ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு ஈ.ஓ. சார் தடுப்புக்கு மேலே பழைய போர்வையைக் கட்டினார். அது மின்விசிறியில் மாட்டிக்கொண்டது. அதற்கடுத்த கூட்டத்தின்போது எங்கள் பெஞ்சில் ஒரு ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். தனக்கோட்டியம்மா, “தல நோவுது டீச்சர்” என்று அதை அணைத்துவிட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர்கள் சொன்ன தொகைக்கு மேலே அவர் கேட்டார். கடைசியில் இன்னும் ஒரே ஒரு கூட்டம், அதிலும் படியவில்லை என்றால் திட்டத்தையே விட்டுவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அதுவும் நன்றாகக் கேட்டது.

ஐப்பசி மழை நெருங்கிக்கொண்டிருந்தது. நினைத்தபடியே அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், நல்ல மழை, ஷீபாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. தனக்கோட்டியம்மா வந்து பிடுங்கிக்கொண்டார். ஆனால் அன்றைக்குக் கல் தூணுக்குப் பக்கத்தில் அவருக்கே கால் வழுக்கிவிட்டது. குழந்தையை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்தபடி சேற்றில் உட்கார்ந்துவிட்டார். ஷீபாவின் பாவாடையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. ஆட்டோக்காரர், “இன்னாமா, கல்லு நட்டுகினு கீறீங்க” என்று கத்தினார். தனக்கோட்டியம்மா எழுந்து குழந்தையை ஆட்டோவில் உட்கார்த்தினார்.

மறுநாள் அவரே என் வீட்டுக்கு வந்தார். கணுக்காலில் மஞ்சள் பற்று.

“கொழந்த எப்டி கீது?”

“தேவலை.”

“எனக்கு மட்டும் அந்த நெலத்த புடிச்சுகினு இருக்கணும்னு வேண்டுதலா டீச்சர்? அந்தத் தலைவரு தொண்டையில ஒரு வெல வருது. வந்த ஒடனே ஊருக்கே தெரிஞ்சுடுது. சாயங்காலம் என் மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் வூட்ல வந்து உக்காந்துக்கறானுங்க. ஒருத்தனுக்கு லாரி வேணுமாம். ஒருத்தனுக்கு மாடி எடுக்கணுமாம். எல்லாருக்கும் தெரிஞ்ச வெலைக்கு நான் எப்டி தலையாட்டறது? நானு கொடலு காஞ்சி நின்னா எந்த மாப்பிள்ள வந்து பாப்பான்?”

இத்தனை நாளும் அவர் அதிக விலைக்காகத்தான் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைத்திருந்தேன். அதுவும் உண்டுதான், இல்லையென்று அவரும் சொல்லவில்லை. ஆனால் ஈ.ஓ. சாரைவிட அந்தக் கதவு சாத்தியிருக்க வேண்டும் என்ற தவிப்பு அவருக்குத்தான் அதிகம் இருந்தது.

6

கடைசிக் கூட்டத்தன்று பெஞ்சில் எனக்கு இடமில்லை. இரண்டு மாப்பிள்ளைகளும் காலையிலேயே வந்து, தடுப்பில் முதுகு சாய்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

தனக்கோட்டியம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். போனதும் அவர் குரல் கேட்டது.

“ஏகாம்பரம், உன் தொண்டைக்கு இந்தப் பலகையெல்லாம் பத்தாது. துண்டு போடு.”

“துண்டு போடறதா?” ஈ.ஓ. சார் பதறிவிட்டார். “அம்மா, நிலத்தைத் துண்டு போடறதுன்னா அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும். சர்வேயர் வரணும். இப்போ அதை ஆரம்பிச்சா...”

“சார், அது நெலத்துத் துண்டு. அத்தை சொல்றது தோள்ல கெடக்கற துண்டு” என்றார் தலைவர். ஊர் முறையில் தனக்கோட்டியம்மா அவருக்கு அத்தை.

மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் கையைச் சேர்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். அடியில் விரலைத் தொட்டுத் தொட்டு விலை பேசுவார்கள். சுற்றிலும் எத்தனை பேர் நின்றாலும் தெரியாது. விரலைப் பிடித்தால் விலை. கையை உருவிக்கொண்டால் படியவில்லை. உள்ளங்கையோடு சேர்த்து முழுக் கையையும் இறுக்கிப் பிடித்துவிட்டால் முடிந்தது, அதற்குமேல் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. தனக்கோட்டியம்மா வீட்டுக்காரர் போன பிறகு எருமைகளைத் தானே சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றவர்.

“இது ரூல்ல இல்லையே” என்றார் ஈ.ஓ. சார்.

“ரூல்ல தும்மறதுகூடத்தான் இல்ல. நீங்க தும்மாம கீறீங்களா சார்?”

தாழ்ப்பாள் திறந்தது. ஈ.ஓ. சார் வெளியே தலைநீட்டி, “டீச்சர், நீங்க சாட்சிக்கு வாங்க” என்றார். மாப்பிள்ளைகளும் எழுந்தார்கள். “சாட்சி மட்டும்” என்றார். ஷீபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். கதவு மறுபடி சாத்தியது.

தலைவர் தோளிலிருந்த மஞ்சள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். “அத்தை, இத்தினி பேரு பாக்கறாங்க.”

“நீ மூக்க ஒழுக வுட்டுகினு திரிஞ்சப்போ தொடச்சி வுட்ட கைதான் இது. போடுடா.”

போட்டார். அப்புறம் அந்த அறையில் நான் முன்னும் பின்னும் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன். தலைவர் ஏகாம்பரம் பேசாமல் இருந்தார்.

மின்விசிறி மட்டும் கிரீச்சிட்டது. அடியில் பூனைக்குட்டி புகுந்ததுபோலத் துண்டு அசைந்தது. தலைவர் புருவம் உயர்ந்தது. தனக்கோட்டியம்மா உதட்டைப் பிதுக்கினார். ஈ.ஓ. சார் குனிந்து துண்டின் ஓரத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மாப்பிள்ளை இன்னொருவரிடம், “இன்னாபா, சத்தத்தையே காணோம். கரண்ட் போயிடுச்சா?” என்று கேட்டது தெளிவாகக் கேட்டது.

திடீரென்று தனக்கோட்டியம்மா கையை உருவிக்கொண்டார்.

அடுத்த மழையும், சேறும், கல்லும் என் கண் முன்னால் வந்தன. ஷீபா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, “எருமை அத்தை, துண்டுக்குள்ள என்ன இருக்கு?” என்று கேட்டாள். பேசியதில் அவளுக்கு லேசாக இரைத்தது.

தனக்கோட்டியம்மா அவளைப் பார்த்தார். “உன் ரோடு கீது கண்ணு” என்றார். மறுபடி கையை உள்ளே விட்டார். இந்த முறை துண்டு அசையவில்லை. தலைவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். முழுக் கை.

“முடிஞ்சுதுபா!” என்று தலைவர் போட்ட சத்தத்தில் வெளியே கட்டியிருந்த எருமை கத்தியது.

தொகையை ஈ.ஓ. சார் எழுத வேண்டுமே. அவர் காதில் சொல்லத் தலைவரிடம் அதற்கான குரல் கிடையாது. ஆகவே ஈ.ஓ. சாரும் துண்டுக்குள் கையை விட்டார். எழுதி, கோப்பை மூடினார். அரசாங்கக் கோப்பில் எழுதினால் வெளியே தெரிந்துவிடாதா என்று மெல்லக் கேட்டேன். “கோப்பை யார் டீச்சர் எடுத்துப் பாக்கறாங்க? துண்டைவிட அது பத்திரம்” என்றார். மேலே என்ன எழுதியிருந்தார் என்பதை மட்டும் பார்த்தேன்: பேச்சுவார்த்தை இன் கேமராவாக நடைபெற்றது.

வாசலில் மாப்பிள்ளைகள் வழி மறித்தார்கள். “எவ்ளோ அத்தை?”

“கேமரா மாப்ள, கேமரா” என்று சொல்லிவிட்டு, எருமையை அவிழ்த்துக்கொண்டு நடந்தார்.

அந்த விலை இன்றுவரை எனக்குத் தெரியாது. கல் தூண்களை அவரே ஆள் வைத்துப் பெயர்த்தார். முதல் ஆட்டோ எங்கள் வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தபோது ஷீபா ஓடிப்போய்ப் பார்த்தாள். உள்ளே கால்மேல் கால் போட்டுக்கொண்டு தனக்கோட்டியம்மா உட்கார்ந்திருந்தார். “வண்டி வருதான்னு பாக்க வந்தேன்” என்றார்.

7

நேற்று ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டே இதையெல்லாம் ஷீபாவிடம் சொன்னேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது எருமையின் ஈர மூக்கும் துண்டின் மஞ்சள் நிறமும்தான். தட்டுகளைத் துடைத்தபடி கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்:

“அப்போ, யாருக்கும் கேக்காம பேசினதாலதான் எனக்கு ரோடு வந்துது.”

நான் இந்தக் கதையைச் சொன்னது வேறு நோக்கத்தில். நம் ஊரில் எல்லாம் எவ்வளவு வெளிப்படையாக இருந்தது, பார், என்று காட்டத்தான். அது எப்படி அவள் பக்கம் போய் நின்றது என்று புரியவில்லை.

“சரி, சுகந்திக்கு வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லு” என்றேன். குரல் கொஞ்சம் கெஞ்சலாகவே வந்துவிட்டது.

ஷீபா பாத்திரம் துடைக்கும் துணியை உதறி, தன் வலது கைமேல் போட்டுக்கொண்டு நீட்டினாள்.

“கையைப் போடுங்க.”

சோப்பு நுரையோடு கையை உள்ளே விட்டேன். எந்த விரலைத் தொடப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் விரல் எதையும் தொடவில்லை. முழுக் கையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். நல்ல பிடி. உடனே விடவும் இல்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உதட்டோரம் மட்டும் துடித்தது, சிரிப்பை அடக்கியதில்.

அந்த மனை முடிந்துவிட்டது என்று அர்த்தமா, என்னுடைய விசாரணை முடிந்துவிட்டது என்று அர்த்தமா? தெரியவில்லை. மேலே வாய் திறக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

போன் அடித்தது. சுகந்திதான்.

“ஏதாவது சொன்னாளாக்கா?”

“சொன்னா.”

“என்ன சொன்னா?”

ஷீபா தட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

“அது என்னால சொல்ல முடியாது மேடம்” என்று சொல்லி, போனை வைத்தேன்.